முதல் வெளிநாட்டுப் பயணம், நான்கைந்து நாள்: தனிக் கைடு வைப்பதா, வேண்டாமா?

விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. கையில் இருப்பது நான்கைந்து நாள். அப்போதுதான் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: நமக்கென்று ஒரு கைடு வைத்துக்கொள்வதா, கூட்டத்தோடு ஒரு டூரில் சேர்ந்துகொள்வதா, இல்லை கைபேசியை நம்பி நாமே இறங்கிவிடுவதா? போய்வந்தவர்களைக் கேட்டால் குழப்பம் இன்னும் கூடும். "கைடு இல்லாமல் போனது வீண்" என்பவரும், "கைடு வைத்ததுதான் தண்டச் செலவு" என்பவரும் ஒரே ஊரைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். முழுப் பயணத்துக்கும் சேர்த்துக் கைடு வேண்டுமா என்று கேட்பதால்தான் விடை கிடைப்பதில்லை. அரைநாள் அரைநாளாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஏதோ ஓர் அரைநாளுக்கு, மிஞ்சிப்போனால் இரண்டுக்கு, நல்ல கைடு கொடுத்த காசுக்கு மேலேயே தருவார். மீதி நேரத்தில் அவர் கூட வருவது இரு தரப்புக்கும் சுமை. என் கட்சி இதுதான். ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம். குறுகிய பயணத்தில் பணத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது இதுதான். நான்கு நாள், நாளுக்குப் பத்து மணிநேரம் என்று வைத்தால் மொத்தமே 40 மணிநேரம். விமானம், விசா, ஓட்டல் எல்லாவற்றையும் கூட்டி 40-ஆல் வகுத்துப் பாருங்கள். ஊரில் நீங்கள் செலவிடும் ஒரு மணிநேரத்தின் விலை அது. டிக்கெட் வரிசையில் போகும் இரண்டு மணிநேரத்தையும், விருப்பமில்லாத கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணிநேரத்தையும் இந்த விலையில்தான் கணக்கிட வேண்டும்.

அந்த இடம் தானாகப் பேசுமா? நயாகரா அருவியை விளக்க யாரும் தேவையில்லை. ரோம் நகரின் ஃபோரம், அதாவது பழைய ரோமானியரின் நகர மையம், அப்படியில்லை. உடைந்த தூண்களும் கட்டட அடித்தளங்களும்தான் கண்ணில் படும். எது நீதிமன்றம், எது கோயில், எங்கே நின்று பேசினார்கள் என்று ஒருவர் சொன்னால்தான் அந்தக் கற்களுக்கு உயிர் வரும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயி சுமார் 66 ஹெக்டேர் பரப்பு. துணைக்கு ஆளில்லாமல் நடந்தால் ஒரு மணிநேரத்தில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரித் தெரியத் தொடங்கும். அங்கோர் வாட் நடுத்தரம். அங்கே பாற்கடல் கடையும் சிற்பவரிசை 49 மீட்டர் நீளம்; புராணக்கதை தெரிந்தவர் அதைத் தானே படித்துக்கொண்டு போவார். கதை தெரியாதவருக்கு அது நீளமான ஒரு கயிறிழுக்கும் போட்டி.

எத்தனை பேர்? தனிக் கைடு பெரும்பாலும் குழுவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். டூர் நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. எனவே தனிக் கைடின் கட்டணத்தை, அதே இடத்துக்கான குழு டூர் டிக்கெட் விலையால் வகுங்கள். வரும் எண் உங்கள் தலைக்கணக்குக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் குழு டூரில் சேர்வதில் லாபமே இல்லை. தனியாகப் போகிறவருக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் சாதகமாக வராது. ஆறு பேர் குடும்பத்துக்குப் பல நேரம் வந்துவிடும்.

கைடுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? நீங்கள் மட்டுமா, வழியில் இருக்கும் கடைக்காரருமா? விலைப் பட்டியலில் இது தெரியாது. நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பதோ இதுதான்.

கூட வருபவர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர், இரண்டு மணிநேரத்துக்கு மேல் தாங்காத குழந்தை, அந்த ஊரில் செல்லுபடியாகும் எந்த மொழியும் தெரியாதவர். இவர்களில் ஒருவர் இருந்தாலும் மேலே உள்ள கணக்குகள் பாதி மாறிவிடும்.

## யோசிக்கவே வேண்டாத இடங்கள்

சில ஊர்களில் கைடு வேண்டுமா என்று உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா மலைப்பாதையில் நடக்க உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். சுமைதூக்குவோர், கைடுகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேர்தான், பிப்ரவரி முழுக்கப் பாதையே மூடப்படும். அமெரிக்காவில் நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்திலுள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற பாறைப் பள்ளத்தாக்குக்குள் அனுமதி பெற்ற கைடு இல்லாமல் இறங்க முடியாது. நேபாளம் 2023 ஏப்ரல் முதல் தனியாக மலையேற வரும் வெளிநாட்டவருக்குக் கைடு கட்டாயம் என்று விதித்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான இடங்களும் உண்டு. வாட்டிகனின் சிஸ்டைன் சேப்பலுக்குள் கைடு வாய் திறக்கக் கூடாது. முன்கூட்டியே வெளியே நிறுத்தி விளக்கிவிட்டு உள்ளே அனுப்புவார். எகிப்தில் மன்னர் பள்ளத்தாக்குக் கல்லறைகளிலும் அப்படித்தான். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் ஆம்ஸ்டர்டாம் இல்லத்துக்குள் கைடு டூரே கிடையாது. டிக்கெட்டோடு ஆடியோ விளக்கம் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களை மட்டும் நம்பி ஒரு முழுநாள் கைடை அமர்த்தினால், அவர் வாசலில் நிற்கும் நேரத்துக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | செலவு | நேரம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| தனிக் கைடு | அதிகம். ஆள் கூடக் கூடக் குறையும் | உங்கள் வேகம் | கைடின் சாப்பாடு, போக்குவரத்து, டிப்ஸ், கமிஷன் கடை | குடும்பம், பெரியவர்கள், கதை நிறைந்த இடம் |
| காரோட்டியே கைடு | நடுத்தரம் | தூரம் சீக்கிரம் கடக்கும் | உள்ளே விளக்க முடியாது | சிதறிக் கிடக்கும் இடங்கள் |
| குழு டூர் | தலைக்கு நடுத்தரம் | மற்றவர் வேகம் | காத்திருப்பு, ரத்து | தனியாள், ஜோடி, ஊருக்கு வெளியே போகும் நாள் |
| டிப்ஸ் கொடுக்கும் நடை டூர் | குறைவு | 2 முதல் 3 மணிநேரம் | கட்டடத்துக்குள் போகாது | முதல் அறிமுகம் |
| கைபேசி, ஆடியோ | மிகக் குறைவு | உங்கள் வேகம் | புறப்படும் முன் வேலை | முன்தயாரிப்பில் விருப்பம் உள்ளவர் |
| தன்னார்வலர் | இலவசம் அல்லது வழிச்செலவு | முன்பதிவு வேண்டும் | வரலாற்று விளக்கம் உறுதியில்லை | ஊர் மனிதரோடு பேச ஆசைப்படுபவர் |

## தனிக் கைடு

நல்ல கைடின் பெருமை தேதிகளை ஒப்பிப்பதில் இல்லை. அதை எந்த ஆப்பும் செய்யும். மழை வந்தால் வரிசையை மாற்றிப்போடுவார். குழந்தை சோர்ந்துவிட்டதைப் பார்த்து மூன்றாவது மண்டபத்தைத் தவிர்த்துவிடுவார். "இந்த ஊரில் வீட்டு வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்" என்று நீங்கள் கேட்டால் அதற்கும் பதில் இருக்கும். எந்தப் பலகையிலும் எழுதியிராத விஷயங்கள் இவை. முதல்முறை வெளிநாடு போகிறவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது: பயம் தெளிகிறது. மெட்ரோவில் எப்படி ஏறுவது, பயண அட்டையில் எப்படிப் பணம் போடுவது என்பதை டோக்கியோவில் சூய்காவை வைத்தோ, இஸ்தான்புல்லில் இஸ்தான்புல்கார்ட்டை வைத்தோ ஒருமுறை ஒருவர் கூட நின்று காட்டிவிட்டால் மீதி நாட்கள் உங்களுடையவை.

காரும் கைடுமாக நான்கு நாளும் வைத்துக்கொள்ளும் திட்டத்தில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். ஓட்டல் வாசலில் ஏற்றி ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவார்கள். கடைசி நாள் மாலை இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆற்றங்கரைக்குக்கூடத் தனியாகப் போகத் தயக்கம் வரும். அதோடு, முன்பின் தெரியாத ஒருவரோடு எட்டு மணிநேரம் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டே இருப்பது எல்லாருக்கும் ஒத்துவரும் காரியமும் இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். கைடுக்கு நுழைவுக் கட்டணம் உண்டா, அவர் சாப்பாடு யார் பொறுப்பு, கார் சேர்த்தா சேர்க்காமலா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் கைடின் போக்குவரத்தும் நுழைவுச்சீட்டும் மதியச் சாப்பாடும் பெரும்பாலும் வாடிக்கையாளர் பொறுப்பு. டிப்ஸ் அங்கே வழக்கமில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் இல்லாமல் கணக்கு முடியாது.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விளம்பரம் செய்வார்கள். தவிர்க்கப்படுவது டிக்கெட் வரிசை. பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாருக்கும் உண்டு. நேரம் குறித்த டிக்கெட்டை நீங்களே இணையத்தில் எடுத்திருந்தால் அந்த முதல் வரிசையும் உங்களுக்கு இல்லை. கைடு எதைத்தான் மிச்சப்படுத்துகிறார் என்று அப்போது கேட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு கடை. கம்பளம், வாசனைத் தைலம், பாப்பிரஸ் தாள், ரத்தினக் கல், தேயிலை என்று ஊருக்கு ஊர் சரக்கு மாறும், ஏற்பாடு ஒன்றுதான்: நீங்கள் வாங்குவதில் ஒரு பங்கு அழைத்து வந்தவருக்கு. இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பதில்லை. அடிமாட்டு விலைக்கு டூர் விற்று, கட்டாயக் கடைகளில் லாபம் எடுப்பதைத் தடுக்கவே சீனா 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தில் தனிப் பிரிவு எழுதியது. தாய்லாந்து 2016-இல் இதே மாதிரி "பூஜ்ய டாலர்" டூர் நிறுவனங்கள்மீது பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது. ஆகவே, மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு வருகிறேன் என்று சொல்லும் கைடைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. குறைந்த பாதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள். கமிஷன் வாங்கும் எல்லாரும் மோசமான கைடு என்றும் சொல்லமாட்டேன். ஆனால் 40 மணிநேரப் பயணத்தில் இரண்டு கடைக்கு இரண்டரை மணிநேரம் போனால் அந்த மலிவு எங்கே மிஞ்சுகிறது?

உரிமத்தைப் பார்த்து அமர்த்துங்கள் என்பது நல்ல அறிவுரைதான். அதன் எடை மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றில்லை. துருக்கியில் உரிமம் பெற்ற கைடு கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருக்க வேண்டும். தாய்லாந்தில் இந்தத் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. லண்டனில் ப்ளூ பேட்ஜ் என்ற கைடு தகுதிச் சின்னம் அணிந்தவர் நீண்ட படிப்பும் தேர்வும் முடித்து வந்தவர். ஜப்பானிலோ 2018 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவரும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம்; தேசியத் தேர்வில் தேறியவர்கள் அங்கே இப்போதும் இருக்கிறார்கள், அவர்தானா என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## காரோட்டியே கைடாக வரும்போது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே நாலு வார்த்தை சொல்பவருக்கும் உரிமம் பெற்ற கைடுக்கும் வேலையே வேறு. காரோட்டி வண்டியை விட்டு நகர முடியாது. பல நாடுகளில் நினைவுச்சின்னத்துக்குள் வந்து விளக்க அவருக்கு அனுமதியும் இல்லை. தூரம்தான் சிக்கல், கதை வேண்டாம் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கடற்கரைச் சாலை, மலைக் கிராமங்கள், திராட்சைத் தோட்டங்கள் பார்க்கும் நாளுக்கு இவரே போதும். பெரிய இடிபாடு ஒன்று பட்டியலில் இருந்தால் வாசலில் இரண்டு மணிநேரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கைடை ஏற்பாடு செய்து தரச் சொல்லலாம்.

## குழு டூர்

லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச், பாரிஸிலிருந்து மோன் சான் மிஷேல். இப்படி ஊருக்கு வெளியே, சொந்த ஏற்பாட்டில் போனால் இரண்டு மூன்று வண்டி மாற வேண்டிய இடங்களுக்கு ஒருவரோ இருவரோ போவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு குழு டூர்தான். தனிக் கார் வைப்பது அங்கே வீண்.

ஊருக்குள் நிலைமை வேறு. முப்பது பேர் குழுவில் தாமதமாக வருகிறவரின் வேகம்தான் எல்லாருடைய வேகமும். இரண்டு மொழிக் குழுவா என்று விவரத்தில் பாருங்கள். ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லும் கைடிடமிருந்து உங்களுக்குக் கிடைப்பது பாதி நேரம். குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் ரத்து என்ற நிபந்தனையும் அடிக்குறிப்பில் இருக்கும். காசு திரும்ப வந்துவிடும். போன நாள் வராது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காத சிறு குழுக்கள் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தப்பிவிடுகின்றன.

## டிப்ஸ் கொடுக்கும் நடை டூர்

"இலவச நடை" என்றுதான் பெயர். பல நிறுவனங்களில், வந்து சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று கைடுதான் நிறுவனத்துக்குக் கட்டுகிறார். நீங்கள் ஒன்றும் கொடுக்காமல் நழுவினால் அது அவர் கையிலிருந்து போகிறது. கொடுக்கும் மனதோடு போனால் நல்ல பேரம். டிப்ஸை நம்பி வாழ்பவர்கள் என்பதால் பேச்சு சுவையாக இருக்கும், சில சமயம் உண்மையைவிடச் சுவையாக. கட்டடங்களுக்குள் போகாது, நடந்தே ஆக வேண்டும். பெரியவர்கள் இல்லாத குழுவுக்கு, ஊரின் நடுப்பகுதி பிடிபட இதுபோதும்.

## கைபேசியும் நீங்களும்

முன்தயாரிப்பு செய்கிறவர் வீட்டில் ஒருவர் இருந்தால் இது உண்மையிலேயே சிறந்த வழி. மொழிபெயர்ப்பு ஆப், இணையம் இல்லாமலும் வேலை செய்யும் வரைபடம், அருங்காட்சியகத்தின் ஆடியோ கருவி ஆகியவை இருந்தால் பெருநகரம் எதுவும் மிரட்டாது. இலவச விளக்கங்களும் நிறைய. லண்டன் கோபுரத்தில் யோமன் வார்டர்கள் எனப்படும் அதன் காவலர்கள் நடத்தும் டூர் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம். பிரிட்டிஷ் மியூசியத்தில் தன்னார்வலர்கள் தனித்தனிக் காட்சிக்கூடங்களுக்கு இலவச டூர் நடத்துகிறார்கள்.

செலவு வேறு இடத்தில் வருகிறது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அருகிலுள்ள வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை. ஆன் ஃபிராங்க் இல்லத்தின் டிக்கெட் ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கு விற்பனைக்கு வரும். ரோமின் கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். இதையெல்லாம் தேடிப் படித்து, பதிவு செய்து, அங்கே போய் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவர் வீட்டில் ஒரே ஒருவர்தான். சம்பளமில்லாத கைடு அவர். மற்றவர்கள் ஊரைப் பார்ப்பார்கள், அவர் திரையைப் பார்ப்பார். வழி தவறினால் வசவும் அவருக்கே. அந்த ஆள் நீங்கள்தான் என்றால், ஒரு காலைக்காவது கைடு வைத்துக்கொள்ள உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

## தன்னார்வலர்கள்

நியூயார்க்கில் 1992-இல் தொடங்கிய கிரீட்டர் முறை இப்போது பல நாட்டு நகரங்களில் இருக்கிறது. உள்ளூர்வாசி ஒருவர் காசு வாங்காமல் தன் பேட்டையைச் சுற்றிக்காட்டுவார். ஜப்பானில் குட்வில் கைடுகள் என்ற தன்னார்வக் குழுக்கள் உண்டு. அவர்களுடைய வழிச்செலவையும் நுழைவுக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும், ஆள் கிடைத்தால் உண்டு. முக்கியமான நினைவுச்சின்னத்துக்கு இவர்களை நம்ப வேண்டாம். ஒரு மாலையை மனிதரோடு பேசிக் கழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## எந்த அரைநாள்?

இறங்கிய அன்று வேண்டாம். விமானம் தாமதமானால் கைடின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சரியான நேரத்துக்கு வந்தாலும் தூக்கக் கலக்கத்தில் எதுவும் மனதில் தங்காது. மறுநாள் காலை நான்கு மணிநேரம் சரி. முதல் அரைமணியில் மெட்ரோவும் பயண அட்டையும், பிறகு அந்த ஊரிலேயே விளக்கம் அதிகம் தேவைப்படும் ஒரே ஒரு இடம், முடிவில் அடுத்த நாட்களுக்கான உங்கள் திட்டத்தை அவரிடம் காட்டித் திருத்தச் சொல்லும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு மூன்று விதிவிலக்கு. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு போனால் முழுநாள் கைடும் காரும் ஆடம்பரத்தில் சேராது. தெரிந்த மொழி எதுவும் செல்லாத, எழுத்தும் படிக்க முடியாத ஊரில் இரண்டு நாள் வைக்கலாம். கடற்கரையில் படுத்திருக்கவோ கடைவீதி சுற்றவோ போகிறவருக்கு ஓர் அரைநாள்கூட வேண்டாம்.

## பணம் கட்டும் முன்

முன்பதிவுத் தளங்களில் பல நேரம் நீங்கள் பதிவு செய்வது ஒரு நிறுவனத்தை. வரப்போகும் ஆளின் பெயர் கடைசி நாள்வரை தெரியாது. ஒருவரைப் புகழ்ந்து எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு வேறொருவரோடு நடப்பீர்கள். அந்நாட்டுக் கைடுகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் தேடி நேரடியாக எழுதினால் ஆளையும் அறியலாம், தளத்தின் கமிஷனும் மிச்சம். ஆனால் தளத்தில் கிடைக்கும் எளிதான ரத்து வசதி அங்கே கிடைக்காமல் போகலாம், முன்பணமும் கேட்பார்கள்.

அஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: எங்களோடு நடக்கப்போவது நீங்களா, வேறு ஆளா? நான்கு மணிநேரம் என்பது ஓட்டலில் தொடங்குமா, இடத்தில் தொடங்குமா? நுழைவுச்சீட்டு யார் எடுப்பது, யார் பெயரில்? கட்டணத்தில் சேராதது எது? "எந்தக் கடைக்கும் போக வேண்டாம்" என்று ஒரு வரி எழுதி, அதற்குச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டிக்கழித்துப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வந்தவர் சரியில்லை என்றால், ஒரு மணிநேரத்தில் தெரிந்துவிடும். காசு கொடுத்தாயிற்றே என்று மதியம்வரை பின்னால் நடக்க வேண்டியதில்லை. "எங்களுக்குக் களைப்பாக இருக்கிறது, இங்கேயே முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, பேசிய தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஆடியோ கருவியை வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.